கேட்பவர்களுக்குப் பழைய பாட்டு வேண்டும், எனக்குப் புதியது வாசிக்க வேண்டும். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆறுதந்தி எழுதியது:

பதினொரு வருடமாக மேடையில் பாடிக்கொண்டு கிடார் வாசிக்கிறேன். இதுதான் தொழில், வேறு வருமானம் கிடையாது. நாங்கள் நான்கு பேர். விசேஷங்கள், நிறுவன விழாக்கள், அப்புறம் வார இறுதிகளில் ஒரே இடத்தில் தொடர்ந்து வாசிக்கும் வேலை. முக்கால்வாசி எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள்தான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவற்றை வாசித்து வாசித்துத்தான் நான் வாசிக்கவே கற்றுக்கொண்டேன்.

சிக்கல் என்னுடைய சொந்தப் பாட்டுகளில். ஆறு வருடம் முன்பு நான் எழுதிய ஒரு பாட்டு கொஞ்சம் பரவியது. மெதுவான காதல் பாட்டு, மூன்று நிமிடம்தான். இப்போது எங்கே போனாலும் அதைக் கேட்கிறார்கள். முதல் இரண்டு வருடம் அதைப் பாடும்போது எனக்கே சிலிர்க்கும். இப்போது பல்லவியை எடுக்கும்போதே மனசு வேறெங்கோ போய்விடுகிறது, கை தன்பாட்டுக்கு வாசிக்கிறது, வாய் தன்பாட்டுக்குப் பாடுகிறது, போன வாரம் இரண்டாவது சரணத்தை இரண்டு தடவை பாடிவிட்டேன், கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த இரண்டு வருடத்தில் நான் போட்டிருக்கும் மெட்டுகள் வேறு மாதிரி. நீளமானவை, சொற்கள் குறைவு, ஒன்று ஏழு எண்ணிக்கையில் போகிறது. போன மாதம் தைரியமாக மூன்று புதுப் பாட்டுகளை அடுத்தடுத்து வாசித்தோம். முதல் பாட்டின் பாதியிலேயே பேச்சுச் சத்தம் எழும்பியது. இரண்டாவதில் நிறையப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது முடிந்தபோது கைதட்டியது ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர். மறுநாள் ஏற்பாட்டாளர் கூப்பிட்டு, தன்மையாகத்தான், "அடுத்த தடவை பழையபடியே வாசித்துவிடுங்களேன்" என்றார்.

எங்கள் பேஸ் கிடார் வாசிப்பவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "உன் பரிசோதனைக்கு நாங்கள் ஏன் வாய்ப்பை இழக்க வேண்டும்?" அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மூன்று பாட்டும்தான் இப்போதைய நான். அவற்றை வீட்டு அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு ஆறு வருடத்துக்கு முந்தைய ஆளாக மேடையேறுவது என்னை நானே ஏமாற்றுவது போல இருக்கிறது. இசையையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்? "மனசு சொல்வதைக் கேள்" மாதிரியான பதில் வேண்டாம், நீங்கள் நிஜமாகச் செய்வதைச் சொல்லுங்கள்.

கட்டைவிரல்_கீபோர்டு எழுதியது:

தம்பி, இருபத்தைந்து வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன், இதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள், அதை முதலில் பிடித்துக்கொள்கிறேன். அந்த மூன்று பாட்டையும் மேடைக்கு முன்பு எத்தனை தடவை நால்வரும் சேர்ந்து வாசித்திருந்தீர்கள்? அந்தக் காதல் பாட்டை நீங்கள் சில நூறு தடவை வாசித்திருப்பீர்கள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே டிரம்ஸ் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏறியிருக்கும். புதுப் பாட்டை ஐந்தாறு ஒத்திகையோடு மேடைக்குக் கொண்டுபோனால், கூட்டத்துக்குக் கேட்பது அதன் புதுமையாக இருக்காது, உங்கள் நால்வரின் தயக்கமாக இருக்கும். ஏழு எண்ணிக்கைப் பாட்டில் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து வாசித்திருப்பீர்கள், உங்கள் முகத்தில் கணக்கு ஓடியிருக்கும். கேட்பவர்களுக்குத் தாளம் தெரியாமல் இருக்கலாம், வாசிப்பவனின் பயம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, அடுத்தடுத்து மூன்று. அதைப் பெரிய பெரிய ஆட்களுக்கே தாங்காது. 1965-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடகர் பாப் டிலன் முதல் முறையாக மின்கிடாரோடும் குழுவோடும் ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவர்கள் மின்கருவிகளோடு வாசித்தது மூன்றே பாட்டு. அப்புறம் அவர் சாதாரண கிடாரோடு திரும்பி வந்து தனியாக இரண்டு பாட்டு பாடித்தான் முடித்தார். ஒலியமைப்பு சரியில்லாததால்தான் கத்தினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் ஒரு பாடம்தான், புதுசு வாசிக்கும் நாளில் சவுண்ட் செக்கை அரைகுறையாக விடாதீர்கள்.

இனி நான் செய்வது. ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், அர்த்தமில்லாத சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களின் படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே மனிதர்களுக்கு அவற்றின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது என்று காட்டினார். இசைக்கும் இது பொருந்தும் என்று பின்னால் பலர் சோதித்திருக்கிறார்கள், அளவுக்கு மீறிக் கேட்டால் பிடிப்பு மறுபடி இறங்கிவிடும் என்பதையும் சேர்த்து. (உங்கள் பழைய பாட்டு உங்களுக்குச் சலித்ததும் அதனால்தான். கூட்டம் அதை வருடத்துக்கு ஒரு தடவை கேட்கிறது, நீங்கள் வாரத்துக்கு மூன்று தடவை.) நான் ஒரு புது மெட்டை முழுப் பாட்டாக மேடையேற்றுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே துண்டு துண்டாக உள்ளே விட ஆரம்பித்துவிடுவேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முன்னிசையில் என் மெட்டின் முதல் வரி வரும். இரண்டு பாட்டுக்கு நடுவே பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அதையே மெதுவாக ஓடவிடுவேன். வார இறுதியில் ஒரே இடத்தில் வாசிப்பதாகச் சொன்னீர்களே, அங்கே வருபவர்களில் திரும்ப வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த மெட்டு எங்கேயோ கேட்ட மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு முழுப் பாட்டாக வரும்போது அந்நியமாக இருக்காது.

வைக்கும் இடம் ரொம்ப முக்கியம். முதல் பாட்டாக வேண்டாம், கடைசியாக வேண்டவே வேண்டாம். நன்றாகக் கைதட்டல் வாங்கிய பாட்டுக்கு அடுத்ததாக ஒன்று, அதற்குப் பின் உடனே எல்லோரும் கூடப் பாடும் பாட்டு. "இது எங்கள் புதுப் பாட்டு, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்" என்று மன்னிப்புக் கேட்காதீர்கள், அதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். பாட்டு எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம் போதும்.

சரணம்பாடி எழுதியது:

நான் பாடகி. அந்தப் பழைய பாட்டைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அதுதான். எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு நிகழ்ச்சியில் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். முடிந்ததும் ஓர் அம்மா வந்து, ரொம்பத் தூரத்திலிருந்து வந்ததாகவும், மருத்துவமனையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் போட்டுக் கேட்ட பாட்டு அது என்றும், நேரில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று வந்ததாகவும் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்ட மேடையோரத்தில் நின்று அவருக்காக மட்டும் ஒரு தடவை பாடினேன். பாட்டைச் சலித்துப்போனது என் குரல், அவருடைய காது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவ் 19 வயதில், 1892-இல், பியானோவில் வாசிக்க ஒரு சின்னப் படைப்பு எழுதினார். அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதன் பிறகு எவ்வளவோ பெரிய படைப்புகளை எழுதியும், கச்சேரி முடிவில் கூட்டம் அதைத்தான் கத்திக் கேட்கும். அவருக்கு அது அலுத்துவிட்டது, ஆனாலும் வாசித்தார். அவரிடமே இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிக்கும். 1931-இல், ஒரே மெட்டை இருபது விதமாக மாற்றி வாசிக்கும் மாறுபாடுகள் கொண்ட ஒரு புது பியானோப் படைப்பை எழுதி ஊர் ஊராக வாசித்தபோது, கூட்டம் இருமுவதை வைத்து முடிவெடுத்தாராம். இருமல் அதிகமானால் அடுத்த மாறுபாட்டை விட்டுவிடுவார், அமைதியாக இருந்தால் வரிசைப்படி வாசிப்பார். ஒரு ஊரில் இருமல் தாங்காமல் பத்தோடு நிறுத்திவிட்டார், நியூயார்க்கில் பதினெட்டு வரை போக முடிந்தது என்று சக இசையமைப்பாளரான நண்பர் மெட்னருக்கு எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய கலைஞர் வாசித்துக்கொண்டே கூட்டத்தையும் காதில் வாங்கிக்கொண்டு அங்கேயே வெட்டியிருக்கிறார். அதை நான் அடிபணிதல் என்று நினைக்கவில்லை. மொத்தமாக விட்டுவிடாமல் எடுபடுகிற அளவுக்காவது கொண்டுபோனாரே.

உங்கள் பாட்டை எப்படி உயிரோடு வைத்துக்கொள்வது? நான் செய்பவை சில. பாட்டின் முதல் சில நொடிகளையும் பல்லவியின் மெட்டையும் தொடவே மாட்டேன், கேட்பவர் அடையாளம் கண்டுகொள்ளும் இடம் அது. நடு இடையிசை முழுக்க எங்களுடையது, அங்கே ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி வாசிப்போம். குரல் இறங்கியதும் சுருதியை ஒரு கட்டை குறைத்துக்கொண்டேன், அதனாலேயே வார்த்தைகள் வேறு நிறத்தில் வந்தன. சில நாள் இரண்டாவது சரணத்தில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு வெறும் குரல். மெட்டே தெரியாத அளவுக்கு மாற்றிப் பாடும் பெரிய கலைஞர்கள் இருக்கிறார்கள், ரசிகர்கள் அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் எனக்கு அது ஒத்துவராது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பாட விருப்பமில்லாமல் பாடுவது. அன்றைக்கு உண்மையாகவே முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அரைமனசோடு கொடுக்காதீர்கள்.

மேடைவிட்டவன் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தவன் நான். நான்கு வருடம் முன்பு விசேஷ மேடைகளை எல்லாம் விட்டுவிட்டு ஒரு வேலையில் சேர்ந்தேன். வயிற்றுப்பாட்டுக்கு வேலை, இசை முழுக்க என் இஷ்டம் என்பதுதான் திட்டம். மாதம் ஒருமுறை ஒரு சின்ன அறையில் இருபது இருபத்தைந்து பேருக்கு என் பாட்டுகளை மட்டும் வாசித்தேன். முதல் ஆறு மாதம் அவ்வளவு சந்தோஷம், யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் சேர்த்துக் கேட்டபோது எனக்கே தெரிந்துவிட்டது. பாட்டுகள் நீண்டுகொண்டே போயிருந்தன. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது பதினொரு நிமிடம். வந்தவர்கள் எல்லாம் நண்பர்கள், பொறுமையானவர்கள், யாரும் இருக்கையில் நெளியவில்லை, யாரும் நெளியாததால் எனக்கு எங்கே வெட்ட வேண்டும் என்றே தெரியாமல் போய்விட்டது. விசேஷ மேடையில் ஒரு பாட்டு தொய்ந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் காது எனக்கு அங்கிருந்துதான் வந்தது, அதை விட்டதும் மழுங்கிவிட்டது.

பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-இல், 31 வயதிலேயே மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார் என்று நானும் எனக்குள் சொல்லிச் சொல்லித் தைரியம் வளர்த்துக்கொண்டேன். அவர் போனது ஒலிப்பதிவுக் கூடத்துக்கு. எடுத்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒட்டி, வெட்டி, தன் காதையே கண்டிப்பான கூட்டமாக வைத்துக்கொண்டவர். அந்த ஒழுக்கம் என்னிடம் இல்லை. வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, மாதக் கடைசி பயம் போய்விட்டது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த வருடத்திலிருந்து வாரம் ஒரு நாள் மறுபடி தெரியாத கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்திருக்கிறேன். முழுக்க விட்டுவிடலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன்.

தாளக்கட்டை எழுதியது:

டிரம்மர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கேள்வியில் "நான்" நிறைய வருகிறது. மேடையில் நால்வர் நிற்கிறீர்கள். உங்கள் பேஸ் வாசிப்பவர் பயந்து பேசுவதாக நான் நினைக்கவில்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மெட்டு முழுசாக உங்கள் அறையில் தயாராகி, அவர் என்ன வாசிக்க வேண்டும் என்பதுவரை முடிவாகி வந்திருந்தால் அது அவருக்கும் அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிக்கிற இன்னொரு கவர் பாட்டு மாதிரிதான். அதற்காக அவர் ஏன் வாய்ப்பை இழக்க வேண்டும்? பாதியில் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள், மீதியை அவர் போடட்டும்.

ஏற்பாட்டாளர் விஷயம் இதைவிட எளிது. ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள்: இரண்டு மணி நேரத்தில் இத்தனை சொந்தப் பாட்டு இருக்கும், மீதி நீங்கள் கேட்பது. நாங்கள் இதை எழுத்திலேயே அனுப்பிவிடுவோம். ஆச்சரியம் என்னவென்றால் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், சொல்லாமல் வாசித்தால்தான் கோபம். கல்யாண வீட்டில் ஒன்று கூட வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம். அது அவர்களுடைய நாள்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1761-இல் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எஜமானர் கேட்பதை எழுத வேண்டும், அனுமதியில்லாமல் வெளியாருக்கு எழுதக் கூடாது என்று ஒப்பந்தம். பிரபு நிக்கோலஸ் பாரிட்டன் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர், அவருக்காக மட்டும் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள் 120க்கும் மேல் ஹைடன் எழுதிக் கொடுத்தார். இதைவிடக் கட்டுப்பட்ட இசைக்கலைஞர் யார்? அதே இடத்தில்தான் தினமும் கையில் ஒரு குழு இருந்ததால் எதை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கவும், எடுபடாததை வெட்டவும் முடிந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 1779-இல் புது ஒப்பந்தம் வந்தபோது வெளியே வெளியிடும் உரிமையும் கிடைத்தது. உங்கள் வார இறுதி மேடையை அப்படி ஒரு கூடமாகப் பாருங்கள். வாரா வாரம் அதே இடம், அதே ஒலியமைப்பு, சொந்தமாகச் செலவு செய்தாலும் இப்படி ஒரு சோதனைக்களம் கிடைக்காது.

ஆறுதந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, முதலில் சிலதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கீபோர்டு அண்ணா கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில்: நான்கு ஒத்திகை. அதிலும் ஒன்றில் டிரம்மர் இல்லை. கூட்டத்தின் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அதை எண்ணிப் பார்த்ததுமே போய்விட்டது.

ஏழு எண்ணிக்கைப் பாட்டைப் பேஸ் வாசிப்பவரிடம் வெறும் மெட்டாக மட்டும் பாடிக் காட்டினேன், அவருக்கு நான் எழுதி வைத்திருந்த வரியைக் காட்டவில்லை. அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நான் யோசித்தே பார்க்காத ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றும் நான்குமாகப் பிரித்து, நான்கில் கால் தட்டும்படி. இப்போது அது ஏழு என்று எண்ணாமலே தலையாட்ட முடிகிறது. பாட்டும் எட்டு நிமிடத்திலிருந்து ஐந்தரைக்கு வந்துவிட்டது. வெட்டச் சொன்னது டிரம்மர், முதலில் எனக்கு வலித்தது, மேடைவிட்டவன் எழுதியதை நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கீபோர்டு அண்ணாவோடு எனக்கு முழுச் சம்மதமில்லை. துண்டு துண்டாக விடுவது வேலை செய்கிறது, இரண்டு வாரமாக முன்னிசையில் விட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் கடைசிப் பாட்டு ஒன்று இருக்கிறது, அதற்கு முன் எதையும் காட்டிக்கொடுக்காமல் நேரடியாகத்தான் வர வேண்டும், அதன் உயிரே அந்த எதிர்பாராத தொடக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்ச நாள் யாருக்கும் வாசிக்காமல் வைத்திருக்கிறேன்.

பழைய காதல் பாட்டைச் சுருதி இறக்கிப் பாடிப் பார்த்தேன். இரண்டாம் சரணத்தில் வெறும் குரல். போன சனிக்கிழமை அப்படிப் பாடியபோது வார்த்தைகளை மறக்க முடியாது, மறைந்துகொள்ள வாத்தியமே இல்லை. ரொம்ப நாளுக்கப்புறம் அந்தப் பாட்டுக்குள் நான் இருந்தேன்.

இந்த வாரம் ஏழு எண்ணிக்கைப் பாட்டை முழுசாக வாசிக்கப் போகிறோம், ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டேன். பதினான்கு பாட்டில் ஏழாவதாக வைப்பதா எட்டாவதாகவா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைய வரிசையில் ஆறாவதாக இருப்பது கூட்டம் எழுந்து ஆடும் பாட்டு, ஏழாவது அந்தக் காதல் பாட்டு.

கட்டைவிரல்_கீபோர்டு எழுதியது:

எட்டாவதாக வையுங்கள் தம்பி. ஆடி முடித்த கூட்டத்துக்கு உடனே ஏழு எண்ணிக்கை வேண்டாம், கால் இன்னும் நான்கிலேயே இருக்கும். காதல் பாட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள், அந்த வெறும் குரல் சரணத்தில் அறையே அடங்கிவிடும். அது எந்தச் சுருதியில் முடிகிறதோ அதைக் கீபோர்டில் விடாமல் பிடித்துக்கொண்டு, கைதட்டலுக்கு அடியிலேயே பேஸ் வரியை ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு பாட்டும் ஒரே சுருதியா? இல்லையென்றால் எவ்வளவு தள்ளி என்று எழுதுங்கள், நடுவில் போட ஒரு நான்கு ஸ்வரம் யோசித்துச் சொல்கிறேன்.